மதினி பிசைந்த மாவு

போன வாரம்வரை எங்கள் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தது என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. தாராவியில் நாங்கள் இருக்கும் சந்தில் அடுத்த வாசல் அவளுடையது. சாயங்காலம் குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும், தன் வீட்டு மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வருவாள். வரட்டுமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. தட்டை எடுப்பாள், டப்பாவிலிருந்து மாவை அள்ளுவாள், உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்ததற்கு என்னைத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருப்பேன். இடது கையால் ஒரு வெங்காயத்தை உரித்து முடிப்பதற்குள் அவள் மாவை உருட்டி, எண்ணெய் தடவி மூடிவிடுவாள்.

இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவள் நான். என் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் பக்கத்து வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இப்போது கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வாயால் சொல்ல முடியாத விஷயம் இது. சந்தில் சொன்னால் சுவர் தாண்டிப் போய்விடும். போய்ச் சேர்கிற இடம் அடுத்த வீடு. அங்கேதான் போகக்கூடாது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். முதலாளி பாயின் பட்டறையில் தோல் பர்ஸ் தைப்பது. பாய்க்கும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம். அவர் பட்டறையில் ஜன்னலோரத்து மிஷின் என்னுடையது. துணி தைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் இளப்பம், ஒத்துக்கொள்கிறேன். துணியில் தப்பாகத் தைத்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் இறங்கினதுதான், நூலைப் பிரித்தாலும் ஓட்டை நிற்கும். பர்ஸின் மூலையில் தோலை வளைத்துத் திருப்புகிற இடம் வரும்போது வலது கை விரல்கள் ஓரத்தைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். நான் திருப்பினால் மூலை கோணாது. பாய் வெளி ஆட்களிடம் என் பர்ஸைத்தான் எடுத்துக் காட்டுவார். அதில் எனக்கிருந்த திமிரை இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வேலையை விட்டுவிட்டு ஏன் போனேன்? கார்டுக்காகப் போனேன். பட்டறையில் இன்சூரன்ஸ் கார்டெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. செம்பூர் தாண்டி ஒரு டப்பா கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். அங்கே சேர்ந்தால் குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி இலவசம். சுனாபட்டியில் ஏறி ஹார்பர் லைன் ரயிலில் போய்வந்தேன். பவுடர் டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற பிரஸ் மிஷினில் நிறுத்தினார்கள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம், என் கை வெளியே வருவதற்கு முன்னால் பிரஸ் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

காயம் ஆறும்வரை இன்சூரன்ஸிலிருந்து பணம் வந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதற்கான பணம் அது. டாக்டர் சீட்டு எழுதித் தருவார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு கம்பெனிக்காரர்கள் உனக்கேற்ற வேலை இங்கே இல்லை என்று கணக்கு முடித்து அனுப்பினார்கள். மெடிக்கல் போர்டு என்று டாக்டர்கள் சிலர் உட்கார்ந்து கையைப் பார்த்தார்கள். மாதாமாதம் ஊனப் பென்ஷன் என்று எழுதினார்கள். ஆனால் இது இப்போதைக்குத்தான், இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைசி முடிவு என்றார்கள். எனக்குக் காதில் விழுந்தது அந்த இன்னொரு தடவை மட்டும்தான்.

மதினிக்கும் அதுதான் விழுந்தது. அவளுக்கு இன்சூரன்ஸ் என்றாலே பயம். காரணம் இருந்தது. அவள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்ட மனிதர், ஒரு தடவை கம்பெனியில் மூட்டை சரிந்து கால் உடைந்து படுத்திருந்தார். காயம் ஆறும்வரை பணம் வந்துகொண்டிருந்தது. மனிதர் வீட்டில் சும்மா கிடக்க முடியாமல், தெரிந்தவர் டீக்கடையில் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். சம்பளத்துக்குக்கூட இல்லை, பேச்சுத் துணைக்கு. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பணம் நின்றது. அந்த வருஷம் மதினி காதிலிருந்து கம்மலைக் கழற்றினாள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் காது இன்னும் மூளியாகத்தான் இருக்கிறது.

"ஏளா, நல்லாக் கேட்டுக்க," என்றாள் என்னிடம். "கை வேலை செய்யுதுன்னு ஒருத்தன் கண்ணுல பட்டா அன்னைக்கோட போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு நடந்தது உனக்கு நடக்க நான் விட மாட்டேன்."

சந்தில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எங்கள் சந்தில் ஒருவருக்கு நடந்தது எல்லோருக்கும் சட்டம். அண்ணனுக்கு வந்த பணம் வேறு, எனக்கு வருகிற பணம் வேறு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தாணேயில் இருக்கும் என் மகன் படித்தவன்தான். அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது போய்க் கேட்பார்களா?

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அறைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு மராத்திப் பெண். சின்ன வயசு. என்னை மௌஷி என்று கூப்பிடுவாள், சித்தி மாதிரி. என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை உள்ளே மடக்குவாள். நான் போடுகிற சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"மௌஷி, வீட்ல சப்பாத்தி உண்டா?" என்று இந்தியில் கேட்டாள்.

"இருக்கு. ராத்திரிக்கு அதான்."

"அப்ப வேற எக்சர்சைஸே வேண்டாம். தினமும் மாவை இந்தக் கையால மட்டும் பிசையுங்க. வலிக்கும். வலிச்சாலும் பிசையுங்க. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒண்ணையொண்ணு தொட்டுட்டா போதும். எதை வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்."

"தையல் மிஷின்ல தோலைப் பிடிக்க முடியுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லுகிற பெண் இல்லை அவள். "பழைய வேகம் வராது. ஆனா பிடிப்பீங்க," என்றாள்.

அன்றைக்கு நான் சுனாபட்டி ஸ்டேஷனில் இறங்கி வீடுவரை நடக்கவில்லை, பறந்தேன். பிசைந்தேன். முதல் நாள் மாவில் கண்ணீரையும் சேர்த்துத்தான் பிசைந்தேன். என் வீட்டுக்காரர் சப்பாத்தியைக் கடித்துப் பார்த்துவிட்டுக் குழம்பில் ஊறவைத்துத் தின்றார், அவ்வளவு கட்டி. கொஞ்ச நாளில் கட்டைவிரல் உள்ளே வர ஆரம்பித்தது. சுண்டுவிரல், அதுவரை என்ன வேலைக்கு இருக்கிறது என்றே நான் யோசித்திராத விரல், வளைந்து வந்து எதிரே நின்றது. ஒரு சாயங்காலம் இரண்டும் தொட்டுவிட்டன. மாவு ஒட்டிய அந்த இரண்டு விரலாலும் உப்பு டப்பாவின் மூடியைப் பிடித்துத் தூக்கினேன். விழவில்லை!

சந்தோஷத்தில் மூடியைப் பிடித்தபடியே மதினி வீட்டு வாசலுக்கு ஓடினேன். "மைனி! இங்க பாருங்க மைனி!"

மதினி பார்த்தாள். என்னை முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வீட்டில் சண்டை என்று அர்த்தம்.

"அடிப் பாவி மவளே, கூறு இருக்கா உனக்கு? நடுச் சந்துல நின்னு தூக்கிக் காட்டுத! எவன் போயி என்னத்தச் சொல்லுவானோ. இன்னும் கடைசி போர்டு இருக்குல்லா?"

"அந்தப் பொண்ணு பிசையச் சொல்லுதா மைனி."

"அவ சொல்லுவா. காசு நின்னா அவளா வந்து தருவா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. மூடியை என் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்தாள். "நீ மாவுல கை வைக்காத தாயி. நான் பிசைஞ்சு தாரேன். நான் எதுக்கு இருக்கேன்?"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மழை நாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பிசைந்திருக்கிறாள். காய்ச்சலோடு வந்து பிசைந்திருக்கிறாள். பாத்திரம் துலக்குவாள், துணி பிழிவாள், என் தலையைக்கூட அவள்தான் பின்னிவிடுவாள். கூடப் பிறந்தவள் செய்வாளா இவ்வளவு? அவள் அன்பில் ஒரு குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். வெளியே போனால் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வேன். ரேஷன் கடையில், ரயிலில், கோயிலில் எங்கும் அப்படித்தான். கோயிலில் இடது கையை நீட்டி விபூதி வாங்கி ஏச்சும் வாங்கினேன். பாய் ஒரு நாள் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, உன் மிஷின்ல யாரையும் உக்கார வைக்கல. துணி போட்டு மூடி வச்சிருக்கேன். மெதுவா வா, ஒரு நாளைக்கு ஒரு பர்ஸ் தை, எனக்கு அது போதும்."

"கடைசி போர்டு முடியட்டும் பாய், வந்திருதேன்."

"அது எப்ப?"

"கூப்பிடுவாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த மிஷினை நினைக்காத நாள் கிடையாது. நான் பென்ஷனுக்கு ஆசைப்பட்டு வேலை வேண்டாமென்று உட்கார்ந்தவள் இல்லை. முதலில் பென்ஷன் நிலைக்கட்டும், பிறகு கை, பிறகு மிஷின் என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். கை எங்கே போய்விடப்போகிறது, என்னோடுதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

கை இறுகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டைவிரல் வெளிப்பக்கமாக விறைத்து நின்றது. சுண்டுவிரல் பாதி வளைந்தபடி அப்படியே நின்றுவிட்டது. குளிர் நாளில் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லதுதான் என்று நினைத்தேன். போர்டில் காட்டுவதற்கு வசதி என்று நினைத்தேன். என் கையைப் பார்த்து நானே அப்படி நினைத்தேன்.

கடைசி போர்டுக்கு மதினியும் கூட வந்தாள். வழியெல்லாம் பாடம் நடத்தினாள். கையை நீட்டச் சொன்னா ஒடனே நீட்டாத, மொகத்தச் சுளி, வலிக்குன்னு சொல்லு. உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள். மதினி வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்த பெரிய டாக்டர் என் வயதுக்காரி. கையைப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று விரல் இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நான் சுளித்து வைத்திருந்த முகத்தை யாரும் பார்க்கவே இல்லை. எழுந்திருக்கப் போனபோது அவள் என் கட்டைவிரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"இதை அசைக்கச் சொல்லி யாரும் சொல்லலையா?" என்று இந்தியில் கேட்டாள்.

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் செய்யலை?"

முகத்தைப் பார்த்தால் நல்லவளாகத் தெரிந்தாள். வேலை முடிந்துவிட்டது, இனி என்ன பயம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். "கை நல்லாயிட்டா பென்ஷனை நிறுத்திருவீங்கன்னு பயம் மேடம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"போன விரலுக்குத்தான் அம்மா இந்தப் பணம். இருக்கிற விரலுக்கு இல்லை. நீங்க வேலைக்குப் போனாலும் வரும், போகாட்டியும் வரும். சாகிற வரைக்கும் வரும்."

"வேலைக்குப் போனா நின்னுரும்னு..."

"அது காயம் ஆறுகிறவரை கொடுக்கிற பணத்துக்கு. இது வேற."

இனிமேல் பயிற்சி செய்தால் வருமா என்று கேட்டேன். கொஞ்சம் அசைவு வரலாம், பிடிப்பு வருவது கஷ்டம், காயம் ஆறின புதிதிலேயே செய்திருக்க வேண்டும் என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் மதினி பாய்ந்து எழுந்தாள். "என்னளா ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு!"

"நிரந்தரம் ஆக்கிட்டாங்க மைனி."

அவள் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தாள். "பாத்தியா! நான் சொன்னேம்லா? ஒரு நா உன்ன மாவுல கை வைக்க விட்டிருப்பனா?" ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாருக்குக் கும்பிடு போட்டாள். ஸ்டேஷன் பக்கத்தில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள், சட்னி குறைவு என்று கடைக்காரனிடம் இந்தியில் சண்டை போட்டு இன்னும் கொஞ்சம் வாங்கினாள். நான் தின்றேன். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அண்ணன் போன பிறகு அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அவளை எழுப்பி நான் என்னத்தைச் சொல்ல?

மறு வாரம் பட்டறைக்குப் போனேன். பாய் துணியை எடுத்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். கால் பழசை மறக்கவில்லை, மிதி பட்டதும் மிஷின் ஓடியது. நேர்த் தையலை இடது கையால் எப்படியோ தள்ளிவிட்டேன். மூலை வந்தது. வலது கை போய் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். போனது, பிடிக்கவில்லை. தோல் வழுக்கியது, ஊசி எங்கெங்கோ இறங்கியது. இன்னொரு துண்டு எடுத்தேன். அதுவும் அப்படித்தான். என் எதிரே இரண்டு துண்டும் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தன.

"பழகிரும் தங்கச்சி," என்றார் பாய். பழகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது அந்த மிஷினில் ஒரு பீகார் பையன் உட்காருகிறான். நன்றாகத் தைக்கிறான், மூலையில் மட்டும் கொஞ்சம் கோணுகிறது. நான் ஃபினிஷிங் மேஜையில் இருக்கிறேன். இடது கையால் நூல் வெட்டுவது, ஜிப்பை இழுத்துப் பார்ப்பது, பர்ஸைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது. சம்பளம் வருகிறது. பென்ஷனும் வருகிறது, டாக்டர் சொன்னபடியே. சந்தில் என்னை அதிர்ஷ்டக்காரி என்கிறார்கள். வலது கையை நான் மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்கிறேன். யாருக்குப் பயந்தும் இல்லை, மேஜைமேல் அதற்கு வேலை இல்லை.

மதினியிடம் டாக்டர் சொன்ன எதையும் சொல்லவில்லை. போர்டு முடிந்தாலும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவள்தான் மாவு பிசைந்துகொண்டு வந்தாள். நானும் விட்டுவிட்டேன். நான் மிஷினில் உட்காராததும் அந்த ஜாக்கிரதைதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் அவளுக்குச் சந்தோஷம். சில நாள் அவள் பிசைகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படித்தானே அமுக்கச் சொன்னாள் அந்தப் பெண், அந்த மாவெல்லாம் நான் பிசைந்திருக்க வேண்டிய மாவுதானே என்று ஓடும். உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வாரம் மதினி வரும்போதே மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வந்தாள். வீங்கியிருந்தது. பாதி பிசைந்தவள் நிறுத்திவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஏளா, எனக்கு முடியல. வயசாச்சுல்லா. இனிமே நீயே பிசைஞ்சுக்க. அதான் எல்லாம் முடிஞ்சுதே, இனி எவன் கேக்கப் போறான்?"

"நான் இடது கையால பிசைஞ்சுக்கிடுதேன் மைனி. நீங்க உக்காருங்க."

"அது என்னத்துக்கு? வலது கைய வையி. அன்னைக்கு மூடியத் தூக்கிட்டு ஓடியாந்தவதான நீ? எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

கையை மாவில் வைத்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அமுக்கு தாயி. பயப்படாத, யாரும் பாக்கல."

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன், மைனி."

அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். மாவு அவள் விட்ட இடத்திலேயே, அவள் விரல் பதிந்த தடத்தோடு அப்படியே இருந்தது.